முதல் ஜோடி தோல் கையுறை: தோல் வாங்குவதிலிருந்து கடைசித் தையல் வரை

கையுறை தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, ஊசி எது, நூல் எது என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் ஜோடியில் தையல் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் ஒரு மாதம் போட்ட பிறகு விரல்கள் எல்லாம் நகத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நீண்டு தொங்கின. உள்ளங்கையோ, முதல் நாள் இருந்த அதே இறுக்கத்தில் இருந்தது. குரோம்பேட்டையில் கையுறை வெட்டும் மாஸ்டர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தையலை அவர் பார்க்கவே இல்லை. நடுவிரலைப் பிடித்து நீளவாக்கில் ஒரு இழு, உள்ளங்கையைக் குறுக்குவாக்கில் ஒரு இழு. அவ்வளவுதான்.

“வெட்டுறதுக்கு முன்னாடி தோலை இழுக்கலையா தம்பி?” என்றார்.

கையுறை வேலையின் மையம் அந்த ஒரு கேள்விதான். சட்டைத் துணி எந்தப் பக்கம் இழுத்தாலும் அநேகமாக அதே அளவில் நிற்கும். தோல் அப்படி இல்லை, இழுத்த பக்கம் போகும். கையை மடக்கினால் முட்டிகள் விரியும். அந்த விரிவுக்கு இடம் கொடுக்க, தோல் குறுக்குவாக்கில் நீள வேண்டும். நீளவாக்கில் நீளவே கூடாது. நீண்டால் விரல் நுனி தொங்கும். ஆகவே தோலின் நீள இழுவை முழுவதையும் வெட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், குறுக்கு இழுவையை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்த கையுறையில் தையல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கையில் நிற்கும். இதைத் தவறவிட்டால் எவ்வளவு அழகாகத் தைத்தும் பயனில்லை.

இந்தக் கட்டுரையில் நாம் செய்யப்போவது, உள்துணி வைக்காத, மணிக்கட்டு வரை வரும் சாதாரணக் கையுறை. வீட்டு மேஜையில், கையாலேயே தைக்கலாம். தையல் இயந்திரம் வேண்டாம்.

என்ன தோல், எங்கே வாங்குவது

செம்மறி ஆட்டுத் தோலில் செய்த நாப்பா, அதாவது மென்மையாகப் பதனிட்ட மெல்லிய தோல், வாங்குங்கள். தடிமன் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கலாம். பைக்கும் பெல்ட்டுக்கும் விற்கிற தோல் இதற்கு உதவாது. மெல்லியதாகத்தான் இருக்கிறதே என்று மாட்டுத் தோலை வாங்கிவிடாதீர்கள், அது கையோடு வராது.

செம்மறி என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. கம்பளிக்காக வளர்க்கும் ஆட்டின் தோலில் மயிர்க்கால்கள் நெருக்கம், கொழுப்பும் அதிகம். பதனிட்ட பிறகு மேல்தளமும் உள்தளமும் ஒட்டாமல் தளர்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் வளர்கிற, கம்பளி இல்லாத முடி ஆடுகளின் தோல் கெட்டியாகவும் மெல்லியதாகவும் இருக்கும். சேலம், ஈரோடு வட்டாரத்து மேச்சேரி ஆடு தோலின் தரத்துக்குப் பேர் போனது. எத்தியோப்பியாவின் முடி ஆட்டுத் தோலுக்கும் கையுறைக்காரர்களிடம் அதே மரியாதை உண்டு. கோல்ஃப் கையுறை செய்கிற ‘கேப்ரெட்டா’ என்ற தோல் இப்படிப்பட்ட முடி ஆடுகளிலிருந்துதான் வருகிறது.

சென்னையில் இருப்பவர்கள் பெரியமேடு போனால் போதும். பதனிட்டு முடித்த தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிற கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. முழுத் தோலாக ஒன்று கேளுங்கள். செம்மறித் தோல் சிறியது, பெரும்பாலும் 4 முதல் 6 சதுர அடிக்குள் வரும். ஒரு ஜோடிக்கும், தப்பாக வெட்டிய ஒன்றிரண்டு துண்டை மறுபடி வெட்டவும் அது போதும். “கையுறைக்கு” அல்லது “கிளவுஸுக்கு” என்று சொல்லியே கேளுங்கள். ஜாக்கெட்டுக்கு வரும் நாப்பாவும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கையில் இழுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கடையில் நின்று செய்யவேண்டிய சோதனைகள் கொஞ்சம் உண்டு. தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசித் துளை, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல் எல்லாம் தெரியும். மேல்பக்கம் உள்ளே போகும்படி மடித்து விரலால் அழுத்துங்கள். மெல்லிய சுருக்கம் வந்து, விட்டவுடன் மறைந்தால் நல்ல தோல். தடித்த குழாய் மாதிரி சுருக்கம் எழுந்தால் மேல்தளம் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், வேண்டாம். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்துத் தோலில் பத்துத் தடவை தேயுங்கள். சாயம் ஒட்டினால், வியர்வை பட்டதும் உங்கள் விரல்களிலும் ஒட்டும்.

குரோமிய உப்பால் பதனிட்ட தோலா, அதாவது குரோம் தோலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருகாலத்தில் ஐரோப்பாவின் உயர்தரக் கையுறைத் தோலைப் படிகாரம், மாவு, முட்டை மஞ்சள்கரு சேர்த்துப் பதனிட்டார்கள். பால் ஆடை போல மென்மையாக இருக்கும், ஆனால் தண்ணீரில் நனைந்தால் படிகாரம் கரைந்து தோல் விறைத்துவிடும். நம் பக்கம் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட தோல் உலகமெல்லாம் போயிற்று. செருப்புக்கும் பைக்கும் அருமையான தோல்தான், ஆனால் கையுறைக்கு வேண்டிய நெகிழ்வு அதில் கிடைப்பது கடினம். குரோம் தோல் வியர்வையைத் தாங்கும், லேசாக நனைந்தாலும் கெடாது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்.

மற்ற சாமான்கள்

முக்கோண முனையுள்ள தோல் ஊசி, மெல்லியது, நான்கைந்து. சாதாரண ஊசி தோலைத் துளைக்காது, தள்ளிக்கொண்டே போகும். மெழுகு பூசிய மெல்லிய பாலியெஸ்டர் நூல் வேண்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். அப்புறம் நல்ல கூர்மையான கத்தரிக்கோல் ஒன்று, தோலுக்கு மட்டும் என்று தனியாக வையுங்கள். வெள்ளிப் பேனா, அளவு நாடா, விரல் பூண், கெட்டி அட்டை, ஈரத்துண்டு. பிளேடால் வெட்ட வேண்டாம். மெல்லிய தோல் பிளேடோடு சேர்ந்து நகரும், கோடு வளையும்.

கையை அளப்பது

வேலை செய்யும் கையை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு அது ஒரு நூல் பெரியதாக இருக்கும். கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு முட்டிகளையும் சுற்றி நாடாவை வையுங்கள். இறுக்கவும் வேண்டாம், தளர விடவும் வேண்டாம். அடுத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம்.

சைஸ் எண் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். பாதுகாப்புக் கையுறைக்கான ஐரோப்பியத் தர அளவில் 7 என்றால் சுற்றளவு 17.8 செ.மீ., 8 என்றால் 20.3, 9 என்றால் 22.9. அங்குலத்தில் போட்டுப் பாருங்கள், சைஸ் எண்தான் சுற்றளவு. இந்த மூன்றுக்கும் கை நீளம் முறையே 17.1, 18.2, 19.2 செ.மீ. ஃபேஷன் கையுறைகளில் சில கம்பெனிகள் பழைய பிரெஞ்சு அங்குலத்தைப் பின்பற்றும். அது சுமார் 2.7 செ.மீ. அதனால் ஒரே ‘8’ இரண்டு கடையில் இரண்டு அளவாக இருக்கலாம். கையுறைக்குச் சைஸ் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தவர் பிரான்சின் கிரெனோபிள் நகரத்துச் சேவியர் ஜூவேன். 1830-களில் நிறையக் கைகளை அளந்து வகைப்படுத்தி, ஒரே அடியில் விரல்களை வெட்டும் இரும்பு அச்சையும் உருவாக்கினார். இன்று தொழிற்சாலைகளில் ‘டை’ என்று சொல்லி அழுத்துகிறோமே, அதற்கு மூத்தது அது.

இவற்றோடு ஒவ்வொரு விரலின் சுற்றளவையும் நடு மூட்டில் அளந்து எழுதுங்கள். விரலிடுக்கு வரை ஒவ்வொரு விரலின் நீளமும் வேண்டும், உள்ளங்கைப் பக்கம் ஒன்று, புறங்கைப் பக்கம் ஒன்று. இரண்டும் ஒன்றாக வராது. கையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், புறங்கையில் விரல் நீளமாகத் தெரியும். இடுக்குச் சதை புறங்கையிலிருந்து உள்ளங்கைக்குச் சரிவாக இறங்குகிறது. இதைக் கவனிக்காமல் இரண்டு பக்கமும் ஒரே ஆழத்துக்கு வெட்டினால் விரலிடுக்கில் தோல் இடித்துக்கொண்டே இருக்கும்.

பேப்பர் மாதிரி

கையைப் பேப்பரில் வைத்துச் சுற்றி வரைந்தால் கையுறை வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வராது. வரைந்த கோட்டில் விரலின் அகலம் இருக்கும், கனம் இருக்காது. அந்தக் கனத்தைக் கொடுப்பதற்குத்தான் விரல்களுக்கு நடுவே பட்டி வைக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பட்டியை ‘ஃபூர்ஷெட்’ என்பார்கள், முள்கரண்டி என்று பொருள். உண்டிவில்லுக்கு வெட்டுகிற கவட்டை மாதிரி இருக்கும். ஒரு காம்பு ஒரு விரலுக்கு, மறு காம்பு பக்கத்து விரலுக்கு. நான் இங்கே கவட்டைப் பட்டி என்றே சொல்கிறேன்.

ஒரு கைக்கு ஐந்து துண்டு: புறங்கையும் உள்ளங்கையும் சேர்ந்த உடல் துண்டு ஒன்று, கட்டைவிரல் ஒன்று, கவட்டைப் பட்டி மூன்று.

8 சைஸ் கையை வைத்துக் கணக்குப் போடுவோம். உடல் துண்டின் அகலம் 20.3 செ.மீ., சுண்டுவிரல் ஓரத்தில் மூடும் தையலுக்கு 0.4, ஆக 20.7. தளர்ச்சிக்கு என்று ஒன்றும் சேர்க்காதீர்கள், அதைத் தோலே கொடுக்கும். உயரம் 18.2-ஓடு மணிக்கட்டுக்குக் கீழே நாலரை, ஐந்து செ.மீ. சேர்த்து சுமார் 23. நடுவில் ஒரு மடிப்புக் கோடு. இந்த மடிப்பு ஆள்காட்டி விரலின் வெளி ஓரத்தில் வரும், ஆகவே அங்கே தையல் கிடையாது. ஒரு பாதி புறங்கை, மறு பாதி உள்ளங்கை.

ஒவ்வொரு பாதியிலும் மடிப்பிலிருந்து வரிசையாக நான்கு விரல்கள். பாதியின் அகலம் 10.35. ஆள்காட்டிக்கு 2.7, நடுவிரலுக்கு 2.6, மோதிர விரலுக்கு 2.6, சுண்டுவிரலுக்கு 2.45 என்று பிரிக்கலாம். ஆள்காட்டிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பதற்குக் காரணம், அதற்கு ஒரு பக்கம்தான் பட்டி.

இப்போது பட்டியின் அகலம். நடுவிரலை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 6.8 செ.மீ. என்று வையுங்கள். புறங்கைத் துண்டு 2.6, உள்ளங்கைத் துண்டு 2.6, மொத்தம் 5.2. நான்கு ஓரத்திலும் தையல் 2 மி.மீ. தின்னும், அது 0.8. மீதி 4.4. விரலுக்கு இன்னும் 2.4 வேண்டும். இரண்டு பக்கமும் பட்டி, பக்கத்துக்கு 1.2. அதற்கும் இரண்டு ஓரத் தையல் 0.4 சேர்த்தால் வெட்டவேண்டிய அகலம் 1.6. அடியில் இந்த அகலம், நுனிக்குப் போகப் போகக் குறைந்து கூராக முடிய வேண்டும். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அப்புறம் எந்தக் கைக்கும் நீங்களே மாதிரி போட்டுவிடலாம்.

கட்டைவிரல்தான் எல்லோரும் தடுமாறும் இடம். துளை உள்ளங்கைப் பாதியில், மடிப்புக்குப் பக்கத்தில் வரும். சரியான இடத்தை எண்களால் சொல்வதை விட, பேப்பர் உடல் துண்டைக் கையில் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் புறப்படுகிற இடத்தைப் பென்சிலால் குறிப்பது நல்லது. முட்டை வடிவில் சிறிதாக வெட்டி, போட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். துளையின் விளிம்பை ஒரு நூலால் அளங்கள். கட்டைவிரல் துண்டின் அடி விளிம்பும் அதே நீளம் இருக்க வேண்டும்.

தோலில் கை வைப்பதற்கு முன்னால், பழைய பனியன் துணியில் ஒரு கை தைத்துப் பாருங்கள். துணி நீளும் திசை கையின் குறுக்கே வரட்டும். தோல் எப்படி நடந்துகொள்ளும் என்று அது ஓரளவு காட்டிவிடும். ஒரு மாலை நேரம் செலவாகும், ஆனால் தோல் மிச்சம்.

தோலை இழுப்பது

தோலை மேஜையில் விரித்து முதுகெலும்புக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். கழுத்திலிருந்து வால் வரை நடுவில் கொஞ்சம் கெட்டியாக ஓடும். அந்தத் திசையில் தோல் குறைவாக நீளும், வயிற்றுப் பக்கமாக இழுத்தால் அதிகம் நீளும். ஆகவே விரல்கள் முதுகெலும்புக்கு இணையாகப் படுக்க வேண்டும். கைக் குறுக்கு, தோலின் குறுக்கு. வயிற்று ஓரத்தையும் கால் சந்துகளையும் ஒதுக்கிவிடுங்கள், அங்கே தோல் தளதளவென்று போகும். இரண்டு கைக்கான உடல் துண்டுகளையும் முதுகின் இரு பக்கமும் நேருக்கு நேரான இடத்தில் எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கை இறுக்கமாகவும் மறு கை தளர்வாகவும் வரும்.

உடல் துண்டுக்கு முதலில் தோராயமாக ஒரு செவ்வகம் வெட்டுங்கள், குறுக்கே 23 செ.மீ., நீளம் 22.5 செ.மீ. அளவில். குளிக்கிற துண்டு ஒன்றை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதில் செவ்வகங்களைச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். எடுத்துக் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. தண்ணீர் சொட்டுகிற தோலை இழுத்தால் அது காய்ந்ததும் அட்டையாகிவிடும்.

இனி மேஜையின் ஓரம்தான் உங்கள் கருவி. முதலில் குறுக்காக இழுத்து, எவ்வளவு போகும் என்று கைக்குத் தெரியட்டும். பிறகு நீளவாக்கில். ஒரு முனையை உள்ளங்கையால் மேஜையோடு அழுத்திக்கொண்டு, மறு முனையை மேஜை விளிம்புக்குக் கீழே சீராக இழுங்கள். வெடுக்கென்று வேண்டாம், மூச்சு விடுகிற வேகத்தில். விட்டதும் கொஞ்சம் பின்வாங்கும். மறுபடி இழுங்கள். ஏழெட்டு முறைக்குப் பிறகு ஒரு கட்டத்தில் தோல் கையை எதிர்த்து நிற்கும், இழுத்த இடத்திலேயே நிற்கும். இப்போது அளந்தால் 22.5 நீளம் 24-ஐத் தாண்டியிருக்கும், 23 அகலம் 21-க்குப் பக்கத்தில் சுருங்கியிருக்கும். அந்தச் சுருங்கிய அகலத்துக்குள்தான் உங்கள் முட்டிகள் விரிவதற்கான இடம் ஒளிந்திருக்கிறது.

குரோம்பேட்டை மாஸ்டர் இதைச் செய்யும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அளவுகோலையே அவர் தொடவில்லை. கண்ணை மேஜையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நுனியால் தோலைத் தடவியபடி, “இங்க இன்னும் கொஞ்சம் கிடக்கு” என்று சொல்லி ஒரு மூலையை மட்டும் தனியாக இழுத்தார். அளந்து பார்த்தேன், அந்த மூலையில் 3 மி.மீ. குறைந்திருந்தது. தோல் வேலை என்றதும் தள்ளி நிற்கச் சொல்லி வளர்த்த சமூகம் நம்முடையது. இந்த விரல்களின் அறிவை எத்தனை தலைமுறையாகக் கண்டுகொள்ளாமல் விட்டோம் என்று எனக்கு அன்றைக்கு உறைத்தது.

இழுத்த துண்டைப் பலகையில் தட்டையாக வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுவதும் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம். கட்டைவிரல் துண்டுக்கும் இதே முறைதான். கவட்டைப் பட்டிகளுக்கு மீதித் தோல் போதும், ஆனால் அவற்றிலும் நீளம் முதுகெலும்புத் திசையில்தான்.

வெட்டு

அட்டை மாதிரியைத் தோலின் சதைப் பக்கத்தில் வைத்து வெள்ளிப் பேனாவால் வரையுங்கள். ஒரு கைக்கு வரைந்ததும் அட்டையைத் திருப்பிப் போட்டு மறு கைக்கு வரையுங்கள். திருப்ப மறந்தால் இரண்டு இடது கை வரும். சிரிக்கத் தோன்றும், ஆனால் புதிதாக வருகிறவர்களின் தோல் அதிகம் வீணாவது இதில்தான்.

வெளி ஓரத்தை முதலில் வெட்டுங்கள், பிறகு கட்டைவிரல் துளை, கடைசியாக விரல் பிளவுகள். பிளவின் அடியைக் கூராக முடிக்காதீர்கள். கூரான முடிவு கிழிசலின் ஆரம்பம். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மழுங்கலாக விடுங்கள். ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் எந்தக் கை, எந்த இடுக்கு என்று எழுதிவையுங்கள். ஆறு கவட்டைப் பட்டிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது.

தையல்

முதல் ஜோடிக்கு வெளித்தையல் போடுங்கள். இரண்டு துண்டின் சதைப் பக்கங்களும் உள்ளே ஒன்றையொன்று பார்க்க, ஓரங்கள் வெளியே தெரிய, ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே ஓட்டுத் தையல். கையுறையைத் திருப்பிப்போடும் வேலை இல்லை. விரலுக்குள் தையல் மேடு உறுத்தாது. பார்க்கவும் அழகாக இருக்கும்.

தையலுக்குத் தையல் 2.5 மி.மீ. தோலில் ஊசி போட்ட துளை மூடாது, ஆகவே தப்பாகக் குத்திவிட்டுப் பிரிப்பது என்பது இங்கே இல்லை. சாப்பிடுகிற முள்கரண்டியை ஓரத்தில் லேசாக அழுத்திக்கொண்டே போனால் சீரான புள்ளிகள் கிடைக்கும். உங்கள் கரண்டியின் முள் இடைவெளி அதிகமாக இருந்தால், இரண்டு புள்ளிக்கு நடுவே ஒன்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சீருக்காகவே இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஜேம்ஸ் வின்டர் என்பவர் 1807-இல் ஒரு இடுக்கியைக் கண்டுபிடித்தார். பித்தளைப் பற்கள் வைத்த அந்த இடுக்கியில் தோலைச் செருகி, பல்லுக்குப் பல் ஊசியை விட்டால் எல்லாத் தையலும் ஒரே அளவில் வந்துவிடும். வீடுகளில் உட்கார்ந்து கையுறை தைத்த பெண்களின் கண்ணையும் கையையும் அது எவ்வளவு காப்பாற்றியிருக்கும் என்று தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வரிசை முக்கியம். புறங்கையில் அழகுக்காக மூன்று தையல் கோடு வேண்டுமென்றால் அதை முதலில் தையுங்கள், தோல் தட்டையாக இருக்கும்போதுதான் முடியும். அடுத்து கட்டைவிரல். அதன் பக்கத் தையலை மூடிவிட்டு, துளையில் நான்கு இடத்தில் தற்காலிகமாக ஒரு தையல் போட்டு நிறுத்தி, பிறகு சுற்றித் தையுங்கள். துளையின் விளிம்பை இழுத்துப் பொருத்தாதீர்கள். துண்டு பெரிதாகத் தெரிந்தால் நாலா பக்கமும் சமமாகப் பங்கிட்டு உள்வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கவட்டைப் பட்டிகள். ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையே உள்ளதில் ஆரம்பியுங்கள். இடுக்கின் அடியிலிருந்து நுனிக்குத் தைத்தால் அளவு தப்பாது. நுனியில் தோல் மிஞ்சினால் வெட்டிவிடலாம், அடியில் மிஞ்சினால் ஒன்றும் செய்ய முடியாது. இடுக்கின் அடியில் முன்னும் பின்னும் இரண்டு பின்தையல் போடுங்கள், கையுறை முதலில் பிய்வது அங்கேதான். உயர்தரக் கையுறைகளில் அந்த இடத்தில் சின்ன வைர வடிவத் துண்டு ஒன்று கூடுதலாக இருக்கும். அதை மூன்றாவது ஜோடியில் முயன்றால் போதும்.

நூலை எவ்வளவு இறுக்குவது என்பது கேள்வியாக வரும். இரண்டு ஓரமும் முத்தமிட்டு நிற்க வேண்டும், நெளியக் கூடாது. நெளிந்தால் அந்தத் தையல் வரி தோலோடு சேர்ந்து நீளாது, கை மடக்கும்போது அறுந்துபோகும். பத்துத் தையலுக்கு ஒருமுறை தையல் வரியைக் குறுக்காக மெல்ல இழுத்துவிட்டு மேலே போங்கள்.

நான்கு விரல் நுனிகளையும் மூடி, சுண்டுவிரல் ஓரமாக மணிக்கட்டு வரை தைத்து இறக்குங்கள். கீழ் விளிம்பை ஒரு செ.மீ. உள்ளே மடித்துத் தைத்தால் கை முடிந்தது. முதல் கைக்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது, மறு கை ஒரே நாளில் வந்துவிட்டது.

தொழிற்சாலையில் இதற்குப் பிறகு சூடேறிய பித்தளைக் கை அச்சில் மாட்டி நீவி எடுப்பார்கள். வீட்டில், மிக லேசாக ஈரத் துணியால் துடைத்து, கையில் மாட்டி விரல்களை நாலைந்து முறை மடக்கி நீட்டி, கழற்றித் தட்டையாக்கிப் புத்தகத்துக்கு அடியில் வைத்தால் போதும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், துணிப் பையில் வையுங்கள்.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு

நாம் செய்தது ஃபேஷன் கையுறை. சந்தையில் ஓடுவதில் பெரும்பகுதி வேலைத்தளக் கையுறை. வெல்டிங் கையுறையெல்லாம் மாட்டுத் தோலின் அடித்தளத்தைப் பிளந்து எடுத்த ‘ஸ்பிளிட்’டில் செய்வது. இந்தியாவில் அதற்கு முக்கிய இடம் கொல்கத்தா, அங்கே பன்டாலாவில் தோல் வளாகமே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் காலணிக்குத்தான் முதலிடம். ஆனால் நாப்பா கிடைப்பது இங்கே பக்கத்திலேயே என்பதால் மெல்லிய கையுறைக்கு நமக்கு ஒரு வசதி உண்டு.

ஐரோப்பாவுக்கு அனுப்புவதென்றால் தோல் வாங்கும்போதே டேனரியிடம், அதாவது பதனிடும் ஆலையிடம், பரிசோதனைச் சான்று கேளுங்கள். உடம்பில் படும் தோல் பொருட்களில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி 2015 முதல் அங்கே நடப்பில் உள்ளது. பாதுகாப்புக் கையுறைகளுக்குப் பொதுத் தரம் ஐ.எஸ்.ஓ. 21420, 2020-இல் வந்தது. அதற்கு முன் இ.என். 420 என்று இருந்தது. அதன்படி தோலின் அமில காரத் தன்மை (pH) 3.5-க்கும் 9.5-க்கும் இடையே இருக்க வேண்டும். தைத்து முடித்த சரக்கு திரும்பி வந்தால் அந்த நஷ்டத்தைச் சின்ன யூனிட் தாங்காது, ஆகவே இதில் மட்டும் வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம்.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோலைப் பற்றிய குறுகிய காலப் பயிற்சிகளை அங்கே விசாரிக்கலாம். சென்னை நிஃப்ட்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) தோல் வடிவமைப்புக்குத் தனிப் பட்டப்படிப்பே உண்டு. ஆனால் வெட்டும் கை வேண்டுமென்றால் ஒரு வெட்டு மாஸ்டரின் மேஜைக்குப் பக்கத்தில் சில மாதங்கள் நிற்பதற்கு ஈடு இல்லை. தைக்க ஆள் கிடைப்பார்கள், தோலை இழுத்து வெட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஒரு மாதம் கழித்து

முதல் ஜோடியைத் தினமும் போடுங்கள், வண்டி ஓட்டும்போது, தோட்ட வேலையில், எங்கே முடியுமோ அங்கே. ஒரு மாதத்தில் அது உங்கள் கையின் உருவத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு ஒரு கையின் தையலைச் சின்னக் கத்தரியால் முழுவதும் பிரித்து, ஐந்து துண்டையும் லேசாக ஈரப்படுத்தித் தட்டையாக்கி, அட்டையில் வைத்துச் சுற்றி வரையுங்கள். பழைய மாதிரியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் துளை எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, எந்த விரல் எத்தனை மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். நீண்டிருக்கும் விரலின் நுனியில் ‘இன்னும் இழு’ என்று எழுதிவைத்துவிட்டு, அந்தப் புது அட்டையை வெட்டுங்கள். இரண்டாவது ஜோடிக்கு மாதிரி அதுதான்.